சமையலறைக் குப்பை மெஷின்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய சமையலறைக் குப்பை மெஷினைப் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கிய முதல் வாரமே எழுதியிருந்தால் ஆஹா ஓஹோ என்று எழுதியிருப்பேன். இரண்டாம் மாதம் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டையும் கடந்து வந்துவிட்டதால் இப்போது நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை மெஷின்கள் பல பெயர்களில் வருகின்றன, உள்ளே நடக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த வகைக்கே பொருந்தும்.

முதலில் அது என்ன என்று தெரியாதவர்களுக்காக. மைக்ரோவேவ் அடுப்பைவிடக் கொஞ்சம் சிறிய பெட்டி. மேலே மூடி, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய ஒரு அலுமினியப் பாத்திரம், அதன் அடியில் மிக்ஸி பிளேடு போல ஆனால் மெதுவாகச் சுற்றும் கைகள், அடியில் ஹீட்டர், பின்பக்கம் காற்று வெளியேறும் வழியில் கரி நிரப்பிய ஃபில்டர். காய்த்தோல், மீந்த சோறு, முட்டை ஓடு, காபித்தூள் சக்கை என்று ஈரக் குப்பையைப் போட்டு மூடி பட்டனை அமுக்கினால், ஆறேழு மணி நேரம் சூடாக்கிக் கிளறி, காய்ந்த பொடியாகத் தருகிறது. வெங்காயச் சருகோ வாழைப்பழத் தோலோ அடையாளமே தெரியாது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘ஒரே இரவில் உரம்’ என்று அச்சிட்டிருந்தது. கீழே ஒரு பூமிப்பந்தும் அதைத் தாங்கும் இரண்டு கைகளும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. சமையலறைத் தராசில் எடை போட்டுத்தான் உள்ளே கொட்டினேன், 1 கிலோ 400 கிராம். காலையில் மூடியைத் திறந்தால் வறுத்த தானியத்தின் வாசனை மாதிரி ஒன்று வந்தது, அழுகல் நாற்றம் துளிகூட இல்லை. பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பொடி, நடுநடுவே முட்டை ஓட்டின் வெள்ளைப் புள்ளிகள். விரலால் நெரித்துப் பார்த்தேன், காய்ந்த டீத்தூள் போலப் பொடிந்தது. எடை 260 கிராம். பையன் கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து ‘இது குப்பையாப்பா?’ என்றான். வீட்டில் எல்லோருக்கும் பிரமிப்பு. மூன்று நாளுக்கு ஒருமுறை சொட்டச் சொட்டப் பையைத் தூக்கிக்கொண்டு போன காலம் முடிந்தது என்று நினைத்தோம். அந்த ஒரு விஷயத்தில் மெஷின் இன்றுவரை ஏமாற்றவில்லை. நாற்றம் இல்லை, சின்ன ஈக்கள் இல்லை, அடுக்களைத் தொட்டியில் ஒழுகல் இல்லை.

ஏமாற்றம் பூந்தொட்டியில் ஆரம்பித்தது.

உரம் என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பி, ஒரு மாதப் பொடியை எட்டுத் தொட்டிகளில் மேலாகத் தூவி தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் மண்ணின் மேல் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை. ஐந்தாம் நாள் புளித்த வாடை, எங்கிருந்தோ ஈக்கள். இரண்டு வாரத்தில் தக்காளிச் செடியின் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின, புதினா சுருண்டே போய்விட்டது. கம்பெனியின் உதவி எண்ணில் பேசினால், தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள் என்றார்கள். மூன்று முறை கூப்பிட்டும் அதே பதில்தான். அது உரமே இல்லை, காய்ந்த உணவு என்று ஒரு வரி உண்மையைச் சொல்லியிருந்தால் என் செடிகள் பிழைத்திருக்கும்.

விஷயம் இதுதான். மக்குதல் என்பது நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. நல்ல உரக்குவியலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்று பெருகும் வேகத்தில் நடுப்பகுதி தானாகவே 55 முதல் 65 டிகிரி வரை சூடாகும், அப்புறம் மெல்ல ஆறி மாதக்கணக்கில் முதிரும். அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்ற அளவில் பச்சையும் காய்ந்ததும் கலந்திருக்க வேண்டும். மெஷின் இதில் எதையுமே செய்வதில்லை. தண்ணீரை ஓட்டிவிட்டு மிச்சத்தை அரைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் போனதால் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாமல் நிற்கின்றன. தொட்டியில் தண்ணீர் பட்ட அன்றே, நிறுத்தி வைத்த வேலை முழுவதையும் செடியின் வேருக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன, அங்கிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் செடியோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்கின்றன. மஞ்சள் இலைக்குக் காரணம் அதுதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு செய்முறையை மாற்றினேன். மூடியுள்ள ஒரு பெரிய வாளி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு பழைய தொட்டி மண்ணும் காய்ந்த இலையும், கையால் பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம். நான்காம் நாள் கையை நடுவில் விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டை உள்ளங்கையில் உணர்ந்தபோது வந்த சந்தோஷம் மெஷினைத் திறந்த முதல் நாளைவிடப் பெரிது. வாரம் ஒருமுறை கிளறி ஆறு வாரம் விட்டால் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வருகிறது. அதைப் போட்ட செடிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆக, ‘ஒரே இரவில் உரம்’ என்பது உண்மையில் ஓர் இரவும் ஆறு வாரமும். பெட்டியில் அப்படி எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, மின்சாரம். பூமியைக் காப்பாற்றுகிறது என்று சொல்லும் பொருளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, ஆனால் நானே மூன்றாம் மாதம்தான் கேட்டேன். பிளக்கில் சொருகும் மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தால் ஒரு ஓட்டத்துக்கு சுமார் 1.1 யூனிட். மெஷினைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே குறைந்தது 0.63 யூனிட் வெப்பம் வேண்டும், அது இயற்கையின் விதி. நான் போட்ட குப்பையில் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர்தான் இருந்தது. காயிலும் பழத்திலும் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர் என்பதை யோசித்துப் பாருங்கள், அதை வெளியேற்ற நாம் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரிக்கிறோம். உலக சராசரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2023 கணக்குப்படி சுமார் 480 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஓட்டத்துக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்தில் குப்பைக்கிடங்கு. ஈரக் குப்பை மண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடியில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் சூடேற்றக்கூடியது. வாயுவைப் பிடிக்கும் குழாய்கள் இல்லாத ஆழமான கிடங்கில் ஒரு கிலோ உணவுக் கழிவிலிருந்து 50 கிராம் அளவுக்கு மீத்தேன் வரலாம். அப்படிப் பார்த்தால் நான் ஒரு முறை போடும் 1.4 கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான பாதிப்பு. அரைக் கிலோ செலவழித்து இரண்டு கிலோவைத் தடுப்பது லாபம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், அங்குள்ள நகராட்சிக் குப்பைக்கிடங்குகளிலிருந்து காற்றில் கலக்கும் மீத்தேனில் 58 சதவீதம் உணவுக் கழிவால் வருவது என்று இருக்கிறது. உணவுக் கழிவு வேகமாக அழுகுவதால், வாயுவைப் பிடிக்கும் குழாய் போடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறதாம்.

ஆனால் இந்த லாபம் உங்கள் குப்பை எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஈரக் குப்பையைத் தனியாக வாங்கி உரமோ எரிவாயுவோ ஆக்கும் ஊரில் இருந்தால் இந்த மெஷின் வெறும் கூடுதல் மின்செலவு. தென் கொரியாவில் 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைக்கிடங்கில் கொட்டத் தடை. அடுக்குமாடிகளில் எடை போடும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், போடும் எடைக்குத் தகுந்தாற்போல் கட்டணம். உணவுக் கழிவில் 95 சதவீதத்துக்கு மேல் மறுசுழற்சி ஆகிறது. எடையும் கட்டணமும் கண்ணில் பட்டால் கை தானாகத் தயங்கும் அல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஹீட்டர் வைப்பதைவிட ஊருக்கே ஒரு ஏற்பாடு இருப்பது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பின்னால் கொஞ்சம் இடமும் ஒரு குழியும் இருப்பவர்களுக்கும் இது தேவையில்லை, வெயிலும் மண்புழுவும் மின்கட்டணம் கேட்பதில்லை.

இந்த மெஷின் எனக்குச் செய்த பெரிய உதவி விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. மின்சாரக் கணக்குக்காக ஆறு வாரம் ஒரு நோட்டில் எடை எழுதி வந்தேன். மூன்றாம் நாள் அம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாதி ரொட்டிப் பாக்கெட்டை வெளியே எடுத்து, ‘ஏண்டா, இது தோலா? சாப்பாட்டையும் தோலையும் ஒண்ணா எழுதிட்டிருக்கியே’ என்றார். அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பத்தி: தோல், சாப்பாடு. ஆறு வார முடிவில் மொத்தம் 39 கிலோ, அதில் 14 கிலோ சாப்பாடு. நேற்று மீந்த சோறு, பிரிட்ஜின் பின்வரிசையில் மறந்துபோன கீரை, ஓரம் பூத்த பாலாடைக்கட்டி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவதாக வாங்கிய தயிர். நாங்கள் நான்கு பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு வருடத்துக்கு 80 கிலோவைத் தாண்டுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையில், தோல் எலும்பு எல்லாம் சேர்த்து வீடுகளில் வீணாவது ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ என்று இருக்கிறது. சிக்கனமான குடும்பம் என்று எங்களை நினைத்துக்கொண்டிருந்தேன், உலக சராசரிக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை.

அதே அறிக்கை சொல்லும் மொத்தம் 2022-ல் மட்டும் 105 கோடி டன், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த உணவில் 19 சதவீதம். அதில் அறுபது சதவீதம் வீடுகளில். வயலிலிருந்து கடைக்கு வரும் வழியில் போகும் 13 சதவீதம் இதில் சேராது, அது தனி. உணவு இழப்பும் வீணடிப்பும் சேர்ந்து பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்களில் உலக அளவில் 8 முதல் 10 சதவீதத்துக்குக் காரணம். இந்த எண்களை முன்பும் படித்திருக்கிறேன், கடந்து போயிருக்கிறேன். நோட்டில் என் கையெழுத்தில் 14 கிலோ என்று பார்த்த பிறகு கடக்க முடியவில்லை.

இங்கேதான் என் கணக்கு தலைகீழானது. உணவுத் துறை வெளியிடும் வாயுக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலமாற்றத்திலும் பயிரிலும் கால்நடையிலும், அதாவது பண்ணையை விட்டு வெளியேறும் முன்பே வெளியாகிவிடுகிறது என்கிறது 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வு. கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சொன்னால், ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்கு இருபது கிலோவுக்கு மேல், ஒரு கிலோ அரிசிக்கு நான்கு கிலோ அளவில். தண்ணீரும் அப்படியே: ஒரு கிலோ ரொட்டிக்கு உலக சராசரியில் சுமார் 1,600 லிட்டர். அந்தப் பாதி ரொட்டிப் பாக்கெட் மெஷினுக்குள் விழும்போது உழவும் பாசனமும் உரமும் லாரியும் அடுப்பும் எல்லாம் முடிந்துபோன செலவு. நான் மெஷினில் மிச்சம் பிடிப்பது கடைசித் துண்டை மட்டும். அதைச் சாப்பிட்டிருந்தால் முழுச் செலவுக்கும் அர்த்தம் இருந்திருக்கும்.

அதனால் வீட்டில் சில மாற்றங்கள். ரொட்டி வாங்கிய அன்றே பாதி ஃப்ரீசருக்குப் போகிறது. பிரிட்ஜில் முன்வரிசை ‘முதலில் தின்ன வேண்டியது’, அதற்கு என் மனைவி ஒரு சிவப்புத் தட்டு வைத்திருக்கிறார். தேதியைப் பார்த்துத் தூக்கிப்போடும் பழக்கத்தையும் விட்டோம். ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புக்கான தேதி, அதை மீறக் கூடாது. ‘இதற்கு முன் சிறந்தது’ என்பது ருசிக்கான தேதி, அதற்குப் பிறகு பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு எவ்வளவு தயிரைக் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2018-ல் செய்த ஆய்வில், அங்கு ஆண்டுக்கு வீணாகும் 8.8 கோடி டன் உணவில் பத்து சதவீதம் வரை இந்தத் தேதிக் குழப்பத்தோடு தொடர்புடையது என்று கணித்தார்கள். வாரத்துக்கு ஐந்து முறை ஓடிய மெஷின் இப்போது மூன்று முறை, சில வாரம் நான்கு.

உணவில் புதுமை என்றால் இப்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது: சங்கிலியின் எந்தக் கண்ணியில் கை வைக்கிறது? பழங்கள் பழுக்கக் காரணமான எத்திலீன் வாயுவைச் செடியின் செல்கள் உணராமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, 1-மெத்தில்சைக்ளோபுரொப்பீன் என்று வாயில் நுழையாத பெயர். ஆப்பிள் கிடங்குகளில் அதைச் சிறிதளவு விட்டால் பழம் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கிறது. யார் சமையலறையிலும் அது தெரியாது, பூமிப்பந்துப் படமும் இல்லை, ஆனால் பழம் குப்பையாவதற்கு முன்பே வேலை செய்கிறது. குளிர்பதன வசதியும் அப்படி. அது போதாததால் மட்டும் ஆண்டுக்கு 52 கோடி டன்னுக்கு மேல், உலக உணவு உற்பத்தியில் 12 சதவீதம் போகிறது என்று ஐ.நா. அமைப்புகள் 2022-ல் சொன்னன. பறித்த இரண்டு மணி நேரத்தில் காய் குளிர்ந்த அறைக்குள் போக ஒரு சிறு விவசாயிக்கு வழி செய்வது, என் வீட்டு மெஷின் போல ஆயிரம் மெஷின்களுக்குச் சமம் என்று உறுதியாக நம்புகிறேன். குளிர்பதனத்துக்கும் மின்சாரம் வேண்டும், அதில் கசியும் வாயுக்களும் சூடேற்றும், அந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்தான்.

மறுபடி மெஷினுக்கு வருகிறேன். சில்லறைக் குறைகள் நிறைய. கரி ஃபில்டர் நான்கு மாதத்தில் சோர்ந்துவிடுகிறது, முழு பிளாஸ்டிக் கூட்டோடு சேர்த்துத்தான் மாற்றச் சொல்கிறார்கள், கழிவைக் குறைக்கும் பொருள் இப்படிக் கழிவு போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இனிப்பான பழக்கூழும் ஒட்டும் மாவும் அதிகம் போனால் பாத்திரத்தின் அடியில் பாகு போல இறுகிவிடும், இரவு முழுக்க வெந்நீரில் ஊற வைத்தால்தான் விடும். பெரிய எலும்பு, மாங்கொட்டை மாதிரிக் கடினமானவை ஆகாது. எண்ணெய் மிகுந்த உணவு பொடியாகாமல் பிசுபிசுக்கும், அது வாளிக்கும் நல்லதல்ல. உப்பு அதிகமான மிச்சங்களைத் தொட்டிச் செடிக்குப் போகும் பொடியில் சேர்க்கவே வேண்டாம். சத்தம் பரவாயில்லை, மின்விசிறி அளவுதான், ஆனால் கொட்டை ஏதாவது சிக்கினால் இரவு இரண்டு மணிக்கு நறநறவென்று எழுப்பிவிடும்.

யார் வாங்கலாம்? குப்பை நேராகக் கிடங்குக்குப் போகும் ஊரில், மண் தொட ஒரு சதுர அடிகூட இல்லாத மாடி வீட்டில், பொடியை மக்க வைக்க ஒரு வாளியும் ஆறு வாரப் பொறுமையும் இருப்பவர்கள் வாங்கலாம். பொடியையும் கடைசியில் குப்பைத் தொட்டியில்தான் போடுவேன் என்பவர்களுக்கு எடையும் நாற்றமும் குறையும், ஆனால் கிடங்கில் ஈரம் பட்டதும் பழைய கதைதான். வாங்கத் தயங்குபவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு தராசும் நோட்டும் எடுத்து, இரண்டு பத்தி போட்டு, ஆறு வாரம் எழுதுங்கள். அதற்குப் பிறகும் தோல் மட்டும் நிறைய வந்தால் மெஷின் பார்க்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத் திருத்தினால் நான்கு.

எங்கள் மெஷின் இப்போது எங்களுடையது மட்டும் இல்லை. மேல்மாடி, எதிர்வீடு என்று மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டோம், படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறோம், வாளி போய் ஒரு டிரம் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா அவர்களாகவே ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறார். ஃபில்டர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த முறை புதிது வாங்காமல் பழைய கூட்டைத் திறந்து, மீன்தொட்டிக் கடையில் விற்கும் கரியை நிரப்பிப் பார்க்கப் போகிறேன். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, வாடை வருகிறதா இல்லையா என்று கீழே சேர்த்து எழுதுகிறேன்.